31 மதிப்பெண் எடுத்தால் அடிமையா?

மாணவர்களிலும் இளைஞர்களிலும் இத்தனை சதவீதம் பேர் ஸ்மார்ட்போனுக்கு அடிமை என்று சொல்லும் ஆய்வுகள் ஓயாமல் வந்துகொண்டிருக்கின்றன. சுவிட்சர்லாந்தின் தொழிற்கல்வி மாணவர்கள் 1,519 பேரிடம் நடத்திய ஆய்வு 2015இல் 16.9% என்றது. ஸ்பெயினில் 12.8%, பெல்ஜியத்தில் 21.5% என்றது 2017இல் வந்த இன்னொன்று. லண்டன் கிங்ஸ் கல்லூரியில் 1,043 மாணவர்களைக் கேட்டு 2021இல் வெளியான ஆய்வில் அது 38.9% ஆக ஏறியது. இந்தியப் பதின்பருவத்தினரைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வந்த கட்டுரையோ 39 முதல் 44% வரை என்று கணக்குச் சொன்னது. இந்த எண்களைப் படிக்கிற பெற்றோர் பதறுகிறார்கள். கல்லூரி நிர்வாகங்கள் சுற்றறிக்கை விடுகின்றன. ஹாஸ்டல் விதிகள் இறுகுகின்றன. பத்து மாணவரில் நான்கு பேர் ஒரு பொருளுக்கு அடிமை என்பது உண்மையானால் அது ஒரு பெருந்தொற்று. அப்படியென்றால் அதை அளந்த கருவி எவ்வளவு நம்பகமானது என்பதுதான் முதலில் ஆராயப்பட வேண்டியது. ஆராய்ந்து பார்த்தால், அந்தக் கருவி மாணவர்களின் அடிமைத்தனத்தைவிட, தங்கள் போன் பழக்கத்தைப் பற்றி அவர்களுக்கு இருக்கும் கவலையையும் குற்றவுணர்வையுமே அதிகம் அளக்கிறது என்ற முடிவுக்கு வரவேண்டியிருக்கிறது.

கருவி எப்படிப் பிறந்தது என்று பார்ப்போம். 1998இல் அமெரிக்க உளவியலாளர் கிம்பர்லி யங் இணைய அடிமைத்தனத்தை அளக்க 20 கேள்விகள் கொண்ட ஒரு சோதனையை வெளியிட்டார். ஸ்மார்ட்போன் பரவியதும் அதே வழியில் புதிய வினாத்தாள்கள் முளைத்தன. தென்கொரியாவின் மின் குவோனும் சக ஆய்வாளர்களும் 2013இல் 33 கேள்விகள் கொண்ட ‘ஸ்மார்ட்போன் அடிக்ஷன் ஸ்கேல்’ என்ற அளவுகோலை 197 பேரிடம் சோதித்து வெளியிட்டார்கள். அதே ஆண்டின் இறுதியில் அதைப் பத்துக் கேள்விகளாகச் சுருக்கினார்கள். உலகெங்கும் பல்கலைக்கழகங்களில் இன்று புழங்குவது பெரும்பாலும் இந்தச் சுருக்க வடிவம்தான். பத்து வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் ‘முற்றிலும் மறுக்கிறேன்’ என்பதற்கு 1 முதல் ‘முற்றிலும் ஏற்கிறேன்’ என்பதற்கு 6 வரை மதிப்பெண். குறைந்தது 10, கூடியது 60. ஆண்களுக்கு 31, பெண்களுக்கு 33 என்று கட்-ஆஃப் வைத்திருக்கிறார்கள். நிரப்ப ஐந்து நிமிடம்கூட ஆகாது. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் கூகுள் ஃபார்ம் சுட்டியைப் போட்டால் இரண்டே நாளில் முந்நூறு பதில்கள் வந்துவிடும். இரண்டு மாதத்தில் ஓர் ஆய்வை முடித்தாக வேண்டிய இளநிலை மருத்துவ மாணவருக்கும், முதுநிலை ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடுபவருக்கும் இதைவிட வசதியான கருவி கிடைக்காது. இந்தியாவிலிருந்து வரும் இத்தகைய ஆய்வுகளில் மருத்துவக் கல்லூரி மாணவர்கள் அடிக்கடி இடம்பெறுவதற்கு இந்த வசதியும் ஒரு காரணம். ஆனால், அந்தச் சுருக்க வடிவத்தையும் கட்-ஆஃபையும் உருவாக்கியபோது விடையளித்தவர்கள் 540 கொரிய நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள். அவர்களின் சராசரி வயது 14.5. அந்தக் கட்-ஆஃப் கோட்டை அப்படியே எடுத்துவந்து சேலத்திலோ லண்டனிலோ படிக்கும் 20 வயது இளைஞர்மீது போடுகிறோம்.

அந்தக் கோடு எங்கே விழுகிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. ‘லேசாக மறுக்கிறேன்’ என்ற விடைக்கு 3 மதிப்பெண். ‘லேசாக ஏற்கிறேன்’ என்பதற்கு 4. ஒரு மாணவர் ஒன்பது வாக்கியங்களை லேசாக மறுத்து, ஒன்றே ஒன்றை மட்டும் லேசாக ஏற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது மூன்று இருபத்தேழு, அதோடு நான்கு: 31. கோட்டைத் தொட்டுவிட்டார். பத்தில் ஒன்பதை இல்லை என்று சொன்னவர் அட்டவணையில் ‘அடிமை’ என்ற பத்தியில் போய் விழுகிறார். மாணவிக்கு 33 என்பதால், ஏழு வாக்கியங்களை லேசாக மறுத்து மூன்றை லேசாக ஏற்றால் போதும். திட்டமாகச் சொல்லத் தயங்கி, நடுவில் நிற்கும் விடைகளையே தேர்ந்தெடுப்பது வினாத்தாள் நிரப்பும் மனிதர்களின் பொதுவான இயல்பு. அந்த நடுப்பகுதியிலேயே கோடு விழுந்திருப்பதால், அடுத்த வகுப்பு தொடங்குவதற்குள் நிரப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று நினைப்பவரின் அவசரம்கூட நோய்க்குறியாக மாறிவிடும். போதாக்குறைக்கு, பத்து வாக்கியங்களும் ஒரே திசையில் எழுதப்பட்டவை. ‘போன் இல்லாமலும் என் வேலை நடக்கும்’ என்பதுபோல எதிர்த்திசையில் ஒரு வாக்கியமும் கிடையாது. கேட்டதற்கெல்லாம் தலையாட்டும் பழக்கம் உள்ளவரை அடையாளம் காண இந்த வினாத்தாளில் வழியே இல்லை.

கேள்விகளின் உள்ளடக்கத்துக்கு வருவோம். திட்டமிட்ட வேலையைத் தவறவிடுவது, வகுப்பில் கவனம் சிதறுவது, நினைத்ததைவிட அதிக நேரம் போனில் கழிவது ஆகியவை நியாயமான கேள்விகள். மணிக்கட்டிலோ கழுத்திலோ வலி வருகிறதா என்பதும் பத்தில் ஒன்று. எட்டு மணி நேரம் போனில் நுழைவுத்தேர்வுப் பாடம் பார்த்தவருக்கும் அந்த வலி வரும். ட்விட்டர், ஃபேஸ்புக் உரையாடல்களைத் தவறவிடாமல் இருக்க ஓயாமல் போனைப் பார்க்கிறாயா என்பது இன்னொன்று. இன்றைய மாணவரின் பொழுது இன்ஸ்டாகிராமிலும் யூடியூபிலும் கழிகிறது. இவற்றையெல்லாம்விட என்னை அதிகம் உறுத்துவது கடைசிக் கேள்வி. நீ போனை அளவுக்கு மீறிப் பயன்படுத்துவதாகச் சுற்றி இருப்பவர்கள் சொல்கிறார்களா என்று அது கேட்கிறது. நம் ஊரில் இதற்கான விடை போனை வைத்திருப்பவரின் நடத்தையை மட்டும் பொறுத்து அமைவதில்லை. தனி அறை எடுத்துத் தங்கிப் படிக்கும் மாணவரை யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். கூட்டுக் குடும்பத்தில், ஒரே கூடத்தில் உட்கார்ந்து படிக்கும் மாணவியின் கையில் போன் பத்து நிமிடம் இருந்தாலே ‘எப்பப் பாரு போனு’ என்று நாலு பேர் சொல்வார்கள். இருவரும் ஒரே அளவு பயன்படுத்தியிருக்கலாம். ஆனால் அவளுக்கு 6, அவருக்கு 1. அந்த ஐந்து மதிப்பெண் வேறுபாடு அவளுடைய வீட்டுக் கண்காணிப்பின் அளவு. மகள் போனில் பேசுவதையே சந்தேகத்தோடு பார்க்கும் சமூகத்தில் இந்தக் கேள்வியைத் திருத்தாமல் கேட்பது பெரிய தவறு.

மாணவர் தன்னைப் பற்றிச் சொல்வதை அவருடைய போனே பதிவுசெய்து வைத்திருப்பதோடு ஒப்பிட முடியும் என்பது இந்தத் துறைக்கு வாய்த்த அரிய வசதி. மனச்சோர்வுக்கோ பதற்றத்துக்கோ அப்படி ஒரு பதிவேடு கிடையாது. 2015இல் பிரிட்டனில் 23 இளைஞர்களின் போன்களில் ஒரு செயலியை நிறுவி இரண்டு வாரம் கவனித்தார்கள். அவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 85 முறை போனை எடுத்திருந்தார்கள். அதில் பாதிக்கும் மேற்பட்டவை 30 நொடிக்குள் முடிந்தவை. எத்தனை முறை எடுத்தீர்கள் என்று அவர்களிடமே கேட்டபோது பாதிக்கும் குறைவான எண்ணிக்கையைத்தான் சொன்னார்கள். 2019இல் டேவிட் எல்லிஸும் சகாக்களும் 238 ஐபோன் பயனாளிகளிடம் இத்தகைய பத்து அளவுகோல்களைக் கொடுத்து, ஆப்பிளின் ‘ஸ்க்ரீன் டைம்’ பதிவோடு ஒப்பிட்டார்கள். தொடர்பு எல்லாவற்றிலும் பலவீனமாகவே இருந்தது. 2021இல் டக்ளஸ் பாரி தலைமையிலான குழு அதுவரை வந்த ஒப்பீடுகளைத் திரட்டி ‘நேச்சர் ஹியூமன் பிஹேவியர்’ இதழில் வெளியிட்டது. முழு ஒற்றுமை 1 என்றால், மக்கள் சொல்லும் நேரத்துக்கும் பதிவான நேரத்துக்கும் இடையிலான ஒட்டுறவு 0.38தான். ‘சிக்கலான பயன்பாடு’ என்று அளக்கும் வினாத்தாள்களுக்கும் பதிவுக்கும் இடையே அது 0.25 ஆகக் குறைந்தது. புள்ளியியல் முறைப்படி 0.25ஐ வர்க்கப்படுத்தினால், வினாத்தாள் மதிப்பெண்ணில் உள்ள ஏற்ற இறக்கத்தில் ஏறத்தாழ 6% மட்டுமே உண்மையான பயன்பாட்டோடு சேர்ந்து நகர்கிறது.

அடிமைத்தனம் என்பது நேரக் கணக்கு இல்லையே என்று இந்த அளவுகோல்களை ஆதரிப்பவர்கள் பதில் சொல்வார்கள். அது சரியான பதில்தான். பத்து மணி நேரம் போனில் வேலை செய்பவர் அடிமையாக இருக்க வேண்டியதில்லை; இரண்டு மணி நேரம் பார்ப்பவர் அந்த இரண்டு மணி நேரத்தில் தன்னையே இழந்துகொண்டிருக்கலாம். நேரத்தை அளக்கவில்லை என்பதற்காக மட்டும் அளவுகோலை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் இதே அளவுகோல்தான் ஓயாமல் எடுத்துப் பார்ப்பதையும் நினைத்ததை மீறி நேரம் போவதையும் நோயின் அடையாளங்களாகக் கேட்கிறது. அவற்றைக் கேட்டுவிட்டு, பதிவோடு ஒத்துப்போகாதபோது, அவை எங்கள் இலக்கே இல்லை என்று சொல்வது பொருந்தவில்லை. மேலும், நேரத்தையும் நடத்தையையும் கழித்துவிட்டால் எஞ்சி நிற்பது ஒரு மனிதர் தன் பழக்கத்தைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பதுதான். 2020இல் ஹீதர் ஷாவும் எல்லிஸ் முதலானவர்களும் செய்த ஆய்வு இதைத் தெளிவாக்கியது. பதற்றம், மனச்சோர்வு ஆகியவற்றோடு ஒட்டி நகர்ந்தது வினாத்தாள் மதிப்பெண்தான். போனில் பதிவான நேரத்துக்கும் எடுத்த தடவைகளுக்கும் அவற்றோடு அப்படிப்பட்ட உறவு தெரியவில்லை. ஏற்கெனவே மனம் நொந்திருப்பவர் தன்னைப் பற்றிக் கேட்கும் எந்த வினாத்தாளிலும் தன்னைக் கடுமையாகவே மதிப்பிடுவார். அரியர் விழுந்த மாணவர் அதற்குக் காரணம் தேடும்போது போன் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. வீட்டாரும் ஆசிரியர்களும் அதையே காரணம் என்கிறார்கள். அவர் வினாத்தாளில் தன்னைக் குற்றவாளியாக்கிக்கொள்கிறார். பிறகு, ஸ்மார்ட்போன் அடிமைகளுக்கு மனச்சோர்வு அதிகம் என்ற முடிவு அச்சேறுகிறது.

இதே பாணிக் கேள்விகளை வேறொன்றைப் பற்றிக் கேட்டால் என்ன விடை வரும் என்று பார்த்தவர்களும் உண்டு. லியாம் சாட்செல் முதலான ஆய்வாளர்கள், தொழில்நுட்ப அடிமைத்தன அளவுகோல்களின் வாய்பாட்டை எடுத்துக்கொண்டு, நேரில் பழகும் நண்பர்களைப் பற்றிய வினாத்தாள் ஒன்றைத் தயாரித்தார்கள். நண்பர்களோடு இருப்பதைப் பற்றி எவ்வளவு யோசிக்கிறாய், அவர்களைப் பார்க்க முடியாதபோது எரிச்சல் வருகிறதா என்ற போக்கில் அமைந்தது அது. 807 பேர் விடையளித்தார்கள். அவர்களில் 69% பேர் நண்பர்களுக்கு ‘அடிமை’ என்று முடிவு வந்தது. ஏற்கெனவே நோய் என்று முடிவுகட்டிவிட்டு, அதற்கேற்பச் சொற்களை அமைத்தால், மனிதர் விரும்பிச் செய்கிற எதையும் இந்த வாய்பாடு பிடித்துவிடும் என்பதற்கு இதைவிடத் துல்லியமான சோதனை வேண்டாம். ஒரு பொருள் வாழ்க்கையில் எவ்வளவு இடம்பிடித்திருக்கிறது என்பதை அளந்துவிட்டு அதையே அடிமைத்தனம் என்று பெயரிடுகிறோம். இன்று ஒரு கல்லூரி மாணவரின் வாழ்க்கையில் போன் எவ்வளவு இடம்பிடித்திருக்கிறது என்பதில் அவருக்கு மட்டும் பங்கு இல்லை. வகுப்பு அறிவிப்பு வாட்ஸ்அப்பில் வருகிறது. பேருந்துக் கட்டணமும் கேன்டீன் தேநீரும் யுபிஐயில். கூடுதல் பாடம் ஸ்வயம் தளத்தில். நான் முதல்வன் பயிற்சி, தேர்வு நுழைவுச்சீட்டு, உதவித்தொகை விண்ணப்பம் எல்லாமே அதே திரையில். கல்லூரியே போனைக் கையில் கொடுத்துவிட்டு, போன் இல்லாமல் இருக்க முடியாதா என்று கேட்டால், முடியாது என்பதுதான் உண்மையான பதில்.

அப்படியானால் பிரச்சினையே இல்லையா என்ற கேள்வி எழும். இருக்கிறது, இந்தக் கருவியைப் பற்றிக் கவலைப்படுவதே அதனால்தான். உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்டு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலின் பதினோராம் பதிப்பில் ‘கேமிங் டிஸ்ஆர்டர்’ இடம்பெற்றிருக்கிறது. விளையாட்டின் மீது கட்டுப்பாடு இழப்பது, மற்ற எல்லாவற்றையும்விட அதற்கு முன்னுரிமை கொடுப்பது, கேடு வந்த பிறகும் தொடர்வது, இவற்றால் படிப்போ வேலையோ உறவோ கணிசமாகக் குலைந்திருப்பது, பொதுவாக ஓராண்டாவது நீடித்திருப்பது என்று அதற்கான அடையாளங்கள் விரிவாக உள்ளன. சூதாட்ட அடிமைத்தனம் நெடுங்காலமாக ஏற்கப்பட்ட நோய். ‘ஸ்மார்ட்போன் அடிமைத்தனம்’ அந்தப் பட்டியலிலும் இல்லை, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் ஐந்தாம் கையேட்டிலும் இல்லை. போன் ஒரு வாசல். ஆபத்து அதன் வழியாகப் போய்ச் சேரும் இடத்தைப் பொறுத்தது. பணம் கட்டி ஆடும் ரம்மியில் கடன்பட்டுத் தற்கொலை செய்துகொண்டவர்களின் செய்திகளைத் தமிழ்நாடு நிறையப் படித்துவிட்டது. நீதிபதி கே.சந்துரு குழுவின் அறிக்கை, 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மாநிலச் சட்டம், 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதும் தடைசெய்த மத்தியச் சட்டம் எல்லாம் அந்த மரணங்களைத் தொடர்ந்து வந்தவை. அப்படி இரவில் ரகசியமாக ஆடிக் கல்விக் கட்டணத்தைத் தொலைத்த மாணவர் இந்தப் பத்துக் கேள்வியில் எத்தனை மதிப்பெண் எடுப்பார்? பணத்தைப் பற்றி அதில் ஒரு கேள்வியும் இல்லை. ட்விட்டர் பக்கம் அவர் போவதே இல்லை. அறைத் தோழருக்கே தெரியாமல் ஆடுகிறவரிடம், போனை அதிகம் பயன்படுத்துகிறாய் என்று யார் சொல்லியிருப்பார்கள்? அவர் 31க்குக் கீழே தங்கிவிட எல்லா வாய்ப்பும் உண்டு. ரீல்ஸ் பார்த்து நேரம் போய்விட்டதே என்று வருந்தும் முதலாண்டு மாணவி 33ஐத் தாண்டிவிடுவார்.

மருத்துவத்தில் எல்லாக் கட்-ஆஃபும் மனிதர் போட்ட கோடுதானே, ரத்த அழுத்தம் 140 என்பது மட்டும் என்ன இயற்கை விதியா என்று மருத்துவர்கள் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் நகரில் 1948இல் தொடங்கி, தலைமுறை தலைமுறையாக மக்களைத் தொடர்ந்து கவனித்து, எந்த அழுத்தம் உள்ளவருக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுகின்றன என்று பார்த்ததுபோன்ற ஆய்வுகள் ரத்த அழுத்தக் கோட்டுக்குப் பின்னால் இருக்கின்றன. கோட்டின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருப்பவர்களுக்குப் பின்னாளில் என்ன ஆனது என்பது தெரியும். 31 எடுத்த மாணவருக்கு மூன்றாண்டு கழித்து என்ன ஆனது என்று சொல்லக்கூடிய அடித்தளம் ஸ்மார்ட்போன் அளவுகோலுக்குக் கிடையாது. அதைப் பயன்படுத்தும் ஆய்வுகளில் மிகப் பெரும்பாலானவை ஒரே ஒரு நாளில் ஒரே ஒரு முறை கேட்டு முடிந்தவை. வினாத்தாள் என்பதாலேயே ஒன்று மட்டம் ஆகிவிடாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனம் ஆறு நாடுகளில் சோதித்து உருவாக்கிய மது அருந்துதல் பற்றிய ‘ஆடிட்’ வினாத்தாளிலும் பத்துக் கேள்விகள்தான். ஆனால் அது எத்தனை நாளுக்கு ஒருமுறை, ஒரு தடவைக்கு எவ்வளவு, அதனால் யாருக்காவது காயம் ஏற்பட்டதா என்று கேட்கிறது. மனச்சோர்வுக்கான பிஹெச்க்யூ-9 கடந்த இரண்டு வாரம் என்று காலவரையறை வைத்துக் கேட்கிறது. நேர்காணலோடு ஒப்பிட்டுச் சோதிக்கப்பட்டது. நடந்ததைக் கேட்டு, காலத்தைச் சொல்லி, கேட்டை எண்ணும் வினாத்தாள்கள் நமக்கு ஏற்கெனவே பழக்கம்.

நாலு பேரைக் கூடுதலாகப் பிடித்தால்தான் என்ன, எச்சரிக்கையாவது கிடைக்கட்டுமே என்பது அடுத்த வாதம். இந்த வாதத்தின் பலவீனத்தை அளவுகோலின் சொந்த எண்களிலேயே பார்க்கலாம். ஆண்களுக்கான 31 என்ற கோடு உண்மையான பாதிப்பு உள்ளவர்களில் ஏறத்தாழ 87% பேரைப் பிடிக்கும், பாதிப்பு இல்லாதவர்களில் 89% பேரைச் சரியாக விட்டுவிடும் என்று மூல ஆய்வு தெரிவித்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆயிரம் மாணவர்கள் உள்ள கல்லூரியில் உண்மையிலேயே உதவி தேவைப்படுவோர் 50 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அளவுகோல் அவர்களில் 43 பேரைப் பிடிக்கும். மீதி 950 பேரில் 100க்கும் மேற்பட்டவர்களைத் தவறாகப் பிடிக்கும். ஆக மொத்தம் சுமார் 145 ‘அடிமைகள்’. அவர்களில் பத்துக்கு ஏழு பேர் தவறாகப் பெயர் சூட்டப்பட்டவர்கள். நாளிதழில் வரும் தலைப்பு 14.5% என்று சொல்லும், உண்மை 5%. இந்தக் கணக்கும் கொரியப் பள்ளிப் பிள்ளைகளிடம் கிடைத்த அந்த 89%ஐ நம்பிப் போட்டதுதான். போனிலேயே படிப்பும் பணமும் நடக்கும் இன்றைய கல்லூரியில் அந்தத் துல்லியம் குறைந்தால், தவறாகப் பிடிபடுவோர் இன்னும் பெருகுவார்கள். 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனம் ஒவ்வொன்றும் தகுதிபெற்ற ஆலோசகர் ஒருவரையாவது அமர்த்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் வழிகாட்டியது. அப்படி அமர்த்தப்பட்ட ஒரே ஆலோசகரின் மேசைக்கு 145 பெயர்கள் வந்தால், அந்த 43 பேருக்குக் கிடைக்க வேண்டிய நேரத்தை மற்றவர்கள் தின்றுவிடுவார்கள். விடுபட்ட 7 பேர் பட்டியலிலேயே இல்லை.

கூடுதல் எச்சரிக்கைக்கு வேறொரு விலையும் உண்டு. அதை முதலில் கொடுப்பவர்கள் பெண்கள். கேரளத்தில் கோழிக்கோடு மாவட்டக் கல்லூரி ஒன்றின் பெண்கள் விடுதியில், படிப்புக்கு நல்லது என்று சொல்லி மாலை 6 முதல் இரவு 10 வரை போன் கூடாது என்று விதி போட்டார்கள். அதை ஏற்க மறுத்த மாணவி விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார். 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் அவரைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டு, இணையத்தைப் பயன்படுத்தும் உரிமை கல்வி உரிமையோடும் அந்தரங்க உரிமையோடும் சேர்ந்தது என்றது. பெரிய சதவீதங்கள் இத்தகைய விதிகளுக்கு அறிவியல் பூச்சு தருகின்றன. தூக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். லண்டன் ஆய்வில் ‘அடிமை’ என்று வகைப்படுத்தப்பட்டவர்களில் 68.7% பேருக்குத் தூக்கம் சரியில்லை. அடிமை இல்லை என்று சொல்லப்பட்டவர்களிலும் 57.1% பேருக்குச் சரியில்லை. வித்தியாசம் இருக்கிறது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் ‘அடிமை’ என்றாலும் இல்லை என்றாலும் பாதிக்கு மேற்பட்ட மாணவர்கள் சரியாகத் தூங்கவில்லை என்பது அதே அட்டவணையில் கிடக்கும் பெரிய செய்தி. போன் பறிமுதல் அதற்கு மருந்தாகாது.

சரியான அளவுகோல் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. கல்லூரிகள் நாளைக்கே செய்யக்கூடியவை உண்டு. போனைப் பற்றிப் பொத்தாம்பொதுவாகக் கேட்பதை நிறுத்தி, போனில் என்ன செய்கிறாய் என்று தனித்தனியே கேட்கலாம்: பணம் வைத்து ஆடுவது, மற்ற விளையாட்டு, குறுங்காணொலிகள், ஆபாசம், சமூக ஊடகம், படிப்பு. கடந்த ஒரு மாதத்தில் இதனால் எத்தனை வகுப்பு தவறியது, எத்தனை இரவு இரண்டு மணிக்கு மேல் விழித்தாய், யாரிடமாவது கடன் வாங்கினாயா, நிறுத்த முயன்று முடியாமல் போனதா என்று நடந்த நிகழ்ச்சிகளைக் கேட்கலாம். ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் 2018 முதலே பயன்பாட்டுப் பதிவு கிடைக்கிறது. விரும்பும் மாணவர் அதைப் பார்த்துத் தானே எண்ணை எழுதித் தரலாம். அந்தப் பதிவுக்கும் குறைகள் உண்டு. வழிகாட்டி வரைபடம் திறந்திருந்த நேரமும் அதில் சேர்ந்துவிடும். ஆனாலும் நினைவை மட்டும் நம்புவதைவிட மேல். உதவி கேட்டு வருபவர்களோடு ஆலோசகர் அரை மணி நேரம் பேசிய பிறகுதான் ‘அடிமை’ போன்ற எந்தச் சொல்லையும் பயன்படுத்த வேண்டும். பெங்களூரு நிம்ஹான்ஸ் 2014 முதல் ‘ஷட்’ என்ற பெயரில் தொழில்நுட்பப் பயன்பாட்டுக்கென்றே ஒரு சிகிச்சைப் பிரிவை நடத்துகிறது. அங்கே நடப்பதும் உரையாடல்தான். ஒரே மாணவர்களை முதலாண்டிலிருந்து இறுதியாண்டு வரை தொடர்ந்து கவனித்தால், போன் மனச்சோர்வைக் கொண்டுவருகிறதா, மனச்சோர்வு போனிடம் கொண்டுசேர்க்கிறதா என்பதற்கும் விடை கிடைக்கத் தொடங்கும். இத்தகைய ஆய்வு இரண்டு மாதத்தில் முடியாது. பல்கலைக்கழகங்கள் பத்துச் சிறு ஆய்வுகளுக்குத் தரும் பணத்தையும் நேரத்தையும் சேர்த்து ஒன்றுக்குத் தந்தால் முடியும்.

கூகுள் ஃபார்மில் பதிவெண்ணும் மின்னஞ்சலும் கட்டாயமாகக் கேட்கும் பழக்கம் முதலில் போகவேண்டும். தன் விடை துறைத் தலைவருக்கோ வார்டனுக்கோ வீட்டுக்கோ போய்ச் சேரும் என்று சந்தேகப்படும் மாணவர் உண்மை சொல்லமாட்டார். சூதாட்டக் கடனில் இருப்பவர் நிச்சயம் சொல்லமாட்டார். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவு எதற்காகச் சேகரிக்கப்படுகிறது என்று சொல்லி ஒப்புதல் பெற வேண்டும் என்கிறது. விடையளிப்பவரின் பெயர் தேவைப்படுவது உதவி வேண்டும் என்று அவரே கேட்கும்போது மட்டும்தான். அதற்குப் படிவத்தின் கடைசியில் ஆலோசகரின் அறை எண்ணையும், அவர் இல்லாத நேரத்தில் அழைக்க டெலி மானஸ் சேவையின் 14416 என்ற கட்டணமில்லாத எண்ணையும் அச்சிட்டுக் கொடுத்தால் போதும்.